வெள்ளத்தில் நின்ற கார்: எக்ஸ்சேஞ்ச் போடுவதா, சரிசெய்து ஓட்டுவதா? கடலூர்க் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கடலூரில் வாகனக் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். இதில் வரும் குடும்பம் என் வாடிக்கையாளர்கள். அவர்கள் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதியிருக்கிறேன். தொகைகள் எல்லாம் அவர்களுடைய பில்களிலும் க்ளெய்ம் தாள்களிலும் இருப்பவை. பாலிசி விற்பவன் எழுதுகிறான் என்பதை மனதில் வைத்தே படியுங்கள்.

பின்னணி

கணவர் பள்ளி ஆசிரியர். மனைவி வீட்டிலேயே தையல் கடை வைத்திருக்கிறார். கணவரின் தாயாருக்கு எழுபது வயதுக்கு மேல். சிகிச்சைக்காக அடிக்கடி புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மருக்கு அவரை அழைத்துப் போக வேண்டும். பஸ்ஸில் அவரால் உட்கார முடியாது. அந்த வீட்டில் காரின் முதல் வேலை அதுதான்.

வண்டி 1197 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக். 2019 ஜனவரியில் கடலூர் ஆர்டிஓவில் பதிவானது, சுமார் 58,000 கிலோமீட்டர் ஓடியது. கடன் முடிந்துவிட்டது. முழுக் காப்பீடு இருந்தது. ஐடிவி, அதாவது காப்பீட்டுக்காக வண்டிக்கு வைத்த மதிப்பு, 3,60,000 ரூபாய். க்ளெய்ம் போடாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸ் 50 சதவீதம். ஐந்து வயது தாண்டிய வண்டி என்பதால், பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தரும் ஸீரோ டெப் கிடைக்கவில்லை. தண்ணீர் புகுந்து எஞ்சின் கெட்டால் ஏற்கும் எஞ்சின் ப்ரொடெக்ட்டும் எடுத்திருக்கவில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 46 செ.மீட்டருக்கு மேல் மழை. கடலூருக்கு அடுத்த அடி மேற்கிலிருந்து வந்தது. சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். மழை நின்றதென்று நிம்மதியாக இருந்த கரையோரத் தெருக்களில் 2, 3 தேதிகளில் ஆறு புகுந்தது. இவர்கள் வீடும் அந்தத் தெருக்களில் ஒன்றில்தான்.

முதல் இரண்டு நாள்

போர்ட்டிகோவில் நின்ற வண்டிக்குள் சீட் மட்டம் வரை தண்ணீர் ஏறி, ஒரு நாளுக்கு மேல் அப்படியே நின்றது. சக்கரம் பாதி முழுகியிருந்தபோதே, வண்டியை ஸ்டார்ட் செய்து மேட்டுக்கு ஓட்டிப் போய்விடலாம் என்று மனைவியின் தம்பி சாவியைக் கேட்டார். அந்த நேரத்தில்தான் ஆசிரியரின் மனைவி எனக்குப் போன் செய்தார். "சாவியப் போடாதீங்கம்மா. யார் கேட்டாலும் குடுக்காதீங்க" என்றேன். அவர் கொடுக்கவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. தேங்கிய தண்ணீரில் வண்டி நகர்ந்தால் முன்னால் அலை எழும்பும், அந்த அலை காற்று உறிஞ்சும் குழாய் வரை போகும். எஞ்சினுக்குள் போன தண்ணீரைக் காற்றைப்போல அமுக்க முடியாது. பிஸ்டன் அதன்மேல் மோதி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு ஏற்பட்ட சேதத்தைக் காப்பீடு ஏற்கும். தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் போனால், அது பின்விளைவுச் சேதம் என்று நிறுவனம் தள்ளிவிடலாம். எஞ்சின் ப்ரொடெக்ட் இல்லாதவர்களுக்கு அந்தச் செலவு முழுவதும் கைக்காசு.

தண்ணீர் வடிந்ததும் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றச் சொன்னேன். கழுவும் முன்பே, கதவின் உட்புறம், சீட், டாஷ்போர்டு ஆகியவற்றில் சேற்றுக்கோடு தெரியும்படி படம் எடுக்கச் சொன்னேன். அன்றே நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்தோம். கயிறு கட்டி இழுக்காமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனார்கள்.

ஒர்க்‌ஷாப்பில் தெரிந்தது

ஆயில் கம்பியை இழுத்துப் பார்த்தபோது எண்ணெய் சுத்தமாக இருந்தது. தண்ணீர் கலந்திருந்தால் பால் கலந்த காப்பி நிறத்துக்கு வந்திருக்கும். ஆக, எஞ்சின் தப்பியது. ஆனால் தரை முழுக்க ஓடும் ஒயரிங், ஸ்டார்ட்டர் மோட்டார், ஏசி ப்ளோயர், சீட் பஞ்சு எல்லாம் முழுகியிருந்தன. கியர் கம்பிக்கு முன்னால் தரையோடு பொருத்தியிருக்கும், ஏர்பேக்கை இயக்கும் மாட்யூலும் தண்ணீருக்குள்தான் இருந்தது. இந்த ஏர்பேக் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

அந்த வாரம் ஒர்க்‌ஷாப் வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்றன. சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அவர் பார்க்கும் முன் எதையும் பிரிக்கக்கூடாது என்பது வழக்கம். ஆனால் ஈரக் கம்பளத்தோடு வண்டி கிடந்தால் ஒயர்களை இணைக்கும் கப்ளர்களுக்குள் செம்பு பச்சை பூத்துவிடும், ஒரு வாரத்தில் சேதம் இரட்டிப்பாகும். சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்வது வண்டிக்காரர் கடமை என்று பாலிசியிலேயே இருக்கிறது. அதைச் சொல்லி, படங்களை இணைத்து, சீட்டையும் கம்பளத்தையும் மட்டும் கழற்றி உலர்த்த அனுமதி கேட்டு மெயில் அனுப்பினோம். மறுநாளே சம்மதம் வந்தது. இந்தக் க்ளெய்மில் மிகவும் பயன்பட்ட காரியம் அதுதான் என்பேன்.

முதல் எஸ்டிமேட் 2,40,000 ரூபாய். பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால், அதாவது இவர்களுக்கு 2,70,000 தாண்டினால், டோட்டல் லாஸ் ஆகும். ஐடிவி அடிப்படையில் பணம் வந்துவிடும். அந்த வண்டிக்கு வெளியே வெள்ளத்துக்கு முன்பே 3,40,000 தான் போயிருக்கும். ஆகவே, எஸ்டிமேட்டைக் கொஞ்சம் தூக்கிப் போடச் சொல்லலாமா என்ற பேச்சு உறவினர் பக்கத்திலிருந்து வந்தது. கூடாது என்று சொன்னேன். சர்வேயர் ஒவ்வொரு பாகமாகப் பார்ப்பார், பொய் தெரிந்தால் முழு க்ளெய்மும் ஆபத்தில் போகும். தவிரவும் அது நேர்மையில்லை. ஆசிரியர் அதோடு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஷோரூம் சொன்ன விலை

இதற்கிடையில் ஒரு ஷோரூமிலிருந்து ஆள் வந்தார். பழைய வண்டியை இருக்கும் நிலையிலேயே 1,10,000-க்கு எடுத்துக்கொள்கிறோம், எக்ஸ்சேஞ்ச் போனஸ் 30,000 தருகிறோம், க்ளெய்ம் போடாதீர்கள், 50 சதவீத போனஸை அப்படியே புது வண்டிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். புது வண்டி ஆன்ரோடு 8,90,000. மீதி 7,50,000-க்குக் கடன். ஏழு வருடம், ஒன்பதரை சதவீதம், மாதம் சுமார் 12,250 ரூபாய். டிசம்பர் முடிவதற்குள் பில் போட்டால்தான் இந்த விலை என்றும் சொன்னார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. நோ க்ளெய்ம் போனஸ் வண்டிக்கு உரியதல்ல, வண்டிக்காரருக்கு உரியது. பழைய வண்டியைக் கொடுத்துவிட்டாலும் அது அவரோடு வரும். கணவருக்குக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றே தோன்றியது. வீட்டில் ஃப்ரிட்ஜ் போயிருந்தது, தையல் மெஷின்களின் மோட்டார் போயிருந்தது, மெத்தைகள் தெருவில் கிடந்தன. கெட்டுப்போன ஒரு பொருளாவது கண்ணை விட்டு மறையட்டும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றும்.

அவரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். இந்த வண்டிக்கு என்ன ஆயிற்று என்பது ஒரு கேள்வி, நமக்கு வேறு வண்டி வேண்டுமா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை தெரியும்வரை இரண்டாவதை எடுக்க வேண்டாம். சேதம் இன்னதென்று தெரியாத வண்டிக்கு வாங்குகிறவர் தன் பயத்தையும் சேர்த்துக் கழித்துத்தான் விலை சொல்வார். வெள்ளத்துக்கு முந்தைய விலைக்கும் 1,10,000-க்கும் நடுவே இருந்த வித்தியாசத்தில் பெரும் பங்கு அந்தப் பயம்தான் என்று நினைத்தேன்.

புதுச்சேரியில் பார்த்த வண்டி

புது வண்டிக் கடன் பெரிது என்று தோன்றியதால், கொஞ்சம் புதிதான பழைய வண்டி ஒன்று பார்க்கலாம் என்று மனைவி சொன்னார். டிசம்பர் மூன்றாவது வாரம் புதுச்சேரியில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் 2021 மாடல் ஒன்று 5,20,000-க்கு இருந்தது. புதுச்சேரிப் பதிவு. வெளியே பளபளவென்று இருந்தது, உள்ளே நல்ல வாசனை.

உடன் வந்த மெக்கானிக் முதலில் செய்தது, முன்சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்ததுதான். பாதிக்கு மேல் பழுப்பு நிறத்தில் ஒரு கறை, அதற்குக் கீழே துணி விறைத்திருந்தது. ஸ்டெப்னி வைக்கும் குழியில் நைசான வண்டல். சீட் தண்டவாளத்து போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட புதுத் தழும்பு, அதாவது சீட்டைச் சமீபத்தில் யாரோ கழற்றியிருக்கிறார்கள். சர்வீஸ் ரெக்கார்டு கேட்டோம், இல்லை என்றார். தண்ணீர் போன வண்டியா என்று நேராகக் கேட்டதற்கு, "லேசா தரைவரைக்கும் ஈரம் பட்டுது, அவ்வளவுதான்" என்றார். பெல்ட்டில் கறை இருந்த உயரம் வேறு கதை சொன்னது.

அந்தக் குறை இல்லாவிட்டாலும் இன்னொரு செலவைச் சேர்த்திருக்க வேண்டும். புதுச்சேரிப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். படிவம் 28-ல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், தமிழ்நாட்டு வரி கட்ட வேண்டும். கடலூர்க்காரர்கள் பலர் விலையை மட்டும் பார்த்து இதை விட்டுவிடுகிறார்கள்.

தன் வண்டியில் தண்ணீர் எதுவரை நின்றது, எந்தப் பாகம் நனைந்தது என்பது இவர்களுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அதைக் கொடுத்துவிட்டு, வரலாறே தெரியாத இன்னொரு வெள்ள வண்டியை வாங்க இருந்தார்கள். அன்று திரும்பும் வழியில் எக்ஸ்சேஞ்ச் பேச்சு தானாகவே குறைந்தது.

கணக்கும் முடிவும்

சர்வேயர் பார்த்த பிறகு செலவு 1,86,400 ரூபாய் என்று நின்றது. ஆறு வயதை நெருங்கிய வண்டிக்குத் தேய்மானம் கடுமையாக இருக்கும். பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி வகையில் 46,000-க்குப் பாதி கழிந்தது. ஒயரிங், மோட்டார் முதலிய மற்ற பாகங்கள் 92,000-க்கு 40 சதவீதம், அதாவது 36,800 கழிந்தது. ஆயில், கூலன்ட் போன்றவை 6,400-ஐ நிறுவனம் ஏற்காது. கூலி 42,000 முழுசாகக் கிடைத்தது. எந்த க்ளெய்மிலும் வண்டிக்காரர் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000. நிறுவனம் தந்தது 1,19,200, வீட்டிலிருந்து போக வேண்டியது 67,200.

சரிசெய்து, வெள்ள வண்டி என்று சொல்லியே விற்றால் 2,30,000 வரை வரும் என்று இரண்டு இடங்களில் சொன்னார்கள். அதில் 67,200 போனால் 1,62,800. அப்படியே கொடுத்தால் வரும் 1,10,000-ஐவிட 52,800 அதிகம். க்ளெய்ம் போட்டதால் போனஸ் பூஜ்யத்துக்கு இறங்கி மறுபடி படிப்படியாக ஏறும்வரை ஏற்படும் நஷ்டம் சுமார் 20,000 என்று போட்டேன். மிஞ்சுவது 33,000-க்குள். ஒயரிங்கில் பிறகு ஏதாவது கிளம்பினால் அதுவும் கரைந்துவிடும். அவர்களிடம் இதை மறைக்காமல் சொன்னேன்: வெறும் பணக் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முடிவைத் தீர்மானித்தது மாதத் தவணை. வீட்டையும் தையல் கடையையும் மறுபடி நிற்கவைக்க வேண்டிய மாதத்தில், ஏழு வருடத்துக்கு 12,250 ரூபாய் கட்டும் கையெழுத்து வேண்டாம் என்று மனைவி சொன்னார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. வண்டியைச் சரிசெய்வது, ஒரு வருடம் ஓட்டுவது, மேற்கொண்டு செலவு 40,000 தாண்டினால் மாற்றிவிடுவது என்று பேசி வைத்தார்கள். புது வண்டிக்குத் தவணை கட்டுவதாக நினைத்து மாதம் 10,000 ரூபாயை வங்கி ஆர்டி கணக்கில் போடுவது மனைவியின் யோசனை.

சர்வேயருடன் ஒத்துப்போகாத இடமும் ஒன்று இருந்தது. ஏர்பேக் மாட்யூலை மாற்ற வேண்டும் என்று ஒர்க்‌ஷாப் எழுதியிருந்தது. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்பதால் சுத்தம் செய்தால் போதும் என்று அவர் வெட்டிவிட்டார். ஆட்சேபத்தை மெயிலில் பதிவு செய்தோம். அதற்கு மேல் அப்போது அழுத்தவில்லை.

பிறகு நடந்தது

2025 ஜனவரிக் கடைசியில் வண்டி கைக்கு வந்தது. மார்ச்சில் கண்ணாடி ஏற்றும் சுவிட்சும் சென்ட்ரல் லாக்கும் தகராறு செய்தன, 4,200 ரூபாய். மே மாதம் ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பித்தது. கப்ளர் ஊசிகள் பச்சை பூத்திருந்தன. மாட்யூல் மாற்ற 14,500. முந்தைய மெயிலைக் காட்டி நிறுவனத்திடம் கேட்டோம். க்ளெய்ம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம் என்றேன், தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் அவரே அதிகாரி. அந்தத் தொகைக்காக அலைய அவர்கள் விரும்பவில்லை.

ஆகஸ்டில் நடந்ததுதான் பெரியது. தாயாரை ஜிப்மருக்கு அழைத்துப் போகும்போது கிருமாம்பாக்கம் அருகே வண்டி சாலையில் நின்றுவிட்டது. மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. வெயிலில் அவரை இறக்கி உட்காரவைத்து, ஆட்டோ பிடித்து அனுப்ப வேண்டியதாயிற்று. எஞ்சின் சுழற்சியை அறியும் கிராங்க் சென்சாருக்குப் போகும் கப்ளரில் அரிப்பு. பழுது பார்க்க 6,800 ரூபாய்.

மொத்தம் 25,500. போட்டு வைத்த 40,000 எல்லையைத் தொடவே இல்லை. ஆனால் அந்த வண்டியை நம்பி அம்மாவை ஏற்ற முடியாது என்று ஆசிரியர் அன்று மாலையே சொல்லிவிட்டார். சரியான முடிவு. எந்த வேலைக்காக வண்டி இருக்கிறதோ அந்த வேலையில் அது தவறிவிட்டது.

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. முன்பு 8,90,000 சொன்ன வண்டி 8,15,000-க்கு வந்தது. இது யாரும் எதிர்பாராதது, எங்கள் கணக்கின் சாமர்த்தியமாக இதைச் சேர்க்க முடியாது. அக்டோபரில், அடுத்த மழைக்கு முன், எக்ஸ்சேஞ்ச் போட்டார்கள்.

மதிப்பீட்டுக்கு வந்தவர் வண்டியைச் சுற்றிப் பார்த்து 2,20,000 என்றார். வெள்ளத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்ல வேண்டுமா என்று கணவர் தயங்கினார். "பாண்டியில அந்த ஆள் நம்மகிட்ட பேசின மாதிரி நாம பேச வேணாங்க" என்றார் மனைவி. எந்தத் தேதியில், எதுவரை தண்ணீர் நின்றது, எவை மாற்றப்பட்டன என்று ஒரு தாளில் எழுதி, பில் நகல்களோடு கொடுத்தார்கள். விலை 1,95,000 ஆனது. 25,000 குறைந்தது. நான் பார்த்த எக்ஸ்சேஞ்ச்களில் இப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு. அந்தத் தாள் அடுத்து வாங்குகிறவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது என் விருப்பம். அது நம் கையில் இல்லை.

கடைசி நேரத்தில் இன்னொரு தடங்கல். கடன் எப்போதோ முடிந்திருந்தும் ஆர்சியில் (பதிவுச் சான்றில்) வங்கியின் பெயர் அப்படியே இருந்தது. வங்கி தந்த சான்று பழையதாகிவிட்டதால் புதிதாக வாங்கி, படிவம் 35 போட்டு அந்தக் கடன் பதிவை (ஹெச்பி) கேன்சல் செய்ய வேண்டியிருந்தது. அதன் பிறகே பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்கள். பண்டிகைச் சலுகை கை நழுவும் நிலைக்கு வந்து தப்பியது.

புது வண்டிக்குப் பழைய வண்டி 1,95,000, எக்ஸ்சேஞ்ச் போனஸ் 20,000, ஆர்டியில் சேர்ந்த 80,000 போக 5,20,000 கடன். ஐந்து வருடம், மாதம் சுமார் 10,800. பழைய வண்டிக்காக இவர்கள் போட்டது 67,200-ம் 25,500-ம். விற்றதில் இவற்றைக் கழித்தால் மிஞ்சியது 1,02,300. டிசம்பரிலேயே கொடுத்திருந்தால் வண்டிக்குக் கிடைத்திருக்கும் 1,10,000-ஐவிட 7,700 குறைவு, நோ க்ளெய்ம் போனஸ் நஷ்டம் தனி. பதிலாகக் கிடைத்தது தவணை இல்லாத ஒன்பது மாதமும், ஏழு வருடக் கடன் ஐந்தாகக் குறைந்ததும்.

மறுபடி நேர்ந்தால் மாற்றிக்கொள்பவை

செலவு எல்லையை ரூபாயில் மட்டும் போட மாட்டோம். நோயாளியை ஏற்றும் வண்டி ஒரு முறை வழியில் நின்றாலே மாற்றுவது என்று முதலிலேயே எழுதி வைத்திருப்போம். அல்லது அந்த ஒரு வேலைக்கு வாடகைக் கார் என்று ஒதுக்கியிருப்போம். இவர்கள் போய்வரும் அளவுக்கு அது தவணையைவிட மலிவாகவே முடிந்திருக்கும்.

ஏர்பேக் மாட்யூலை விட்டுக்கொடுத்திருக்க மாட்டோம். தண்ணீரில் முழுகிய பாதுகாப்புப் பாகத்துக்கு விளக்கு எரிகிறதா என்பது அளவுகோல் ஆகாது. க்ளெய்மை முடித்துக் கையெழுத்திடும் முன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுவதற்கு வழியும் நேரமும் இருந்தன.

ஸீரோ டெப் கிடைக்காத வயதில்தான் வண்டிக்கு எஞ்சின் ப்ரொடெக்ட் மிகவும் தேவை. கிடைக்கும் நிறுவனத்தைத் தேடி எடுத்திருக்க வேண்டும். புது வண்டிக்கு இரண்டும் எடுத்தாகிவிட்டது. சாத்தனூர் அணைக்கு வெள்ள எச்சரிக்கை வந்தால், மஞ்சக்குப்பத்தில் மேடான தெருவில் இருக்கும் உறவினர் வீட்டு வாசலுக்கு வண்டி போய்விடும். ஆற்றங்கரை வாடிக்கையாளர்களின் பாலிசியைப் புதுப்பிக்கும்போது இப்போது நானே கேட்கிறேன், வண்டியை எங்கே கொண்டுபோய் விடுவீர்கள் என்று. பதில் இல்லாதவர்களை ஐப்பசிக்குள் ஓர் இடம் பேசி வைக்கச் சொல்கிறேன்.